உண்டியல் குலுக்கியா பள்ளிக்கூடம் நடத்துவது?

குண்டலுபேட்டை வட்டாரத்திலே கரும்பு வெட்டியும், மஞ்சள் வேகவைத்தும், வெங்காயம் பிடுங்கியும், கல் உடைத்தும், கொத்தனாருக்குச் சித்தாளாய் நின்றும் பிழைக்கும் தமிழ்ப் பெருமக்களே, தாய்மார்களே!

கூலிக்கும் குடியிருப்புக்கும் வாதாடி வந்த நம் பத்திரிகை இந்த மாதம் பள்ளிக்கூடத்துக்காக வாதாடுகிறது. "எங்கள் பிள்ளைதான் சர்க்கார் பள்ளிக்குப் போகிறதே, இனி என்ன குறை?" என்று சிலர் கேட்கலாம். குறை நிறைய இருக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. அந்தக் குறைகளை நம் முந்தானை முடிச்சில் இருக்கும் காசை அவிழ்த்து நாமே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் புத்தி நாட்டிலே வளர்ந்து வருகிறது. நல்ல மனிதர்கள்கூட அதை நல்ல யோசனை என்று நம்பிவிடுகிறார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நூறு ரூபாய்ச் சுற்றறிக்கை

2022 அக்டோபரில் கர்நாடகப் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. சர்க்கார் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் மாதம் 100 ரூபாய் நன்கொடை பெறலாம். பள்ளி வளர்ச்சிக் குழுவான எஸ்.டி.எம்.சி. அதை வாங்கிக் குடிநீர், மின்கட்டணம், பழுதுபார்ப்பு போன்ற செலவுகளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். கட்டாயம் இல்லை, விருப்பமுள்ளவர் தரலாம் என்றும் சொல்லப்பட்டது. மாநிலமெங்கும் கண்டனம் எழுந்தது. சில நாட்களிலேயே சுற்றறிக்கை வாபஸ் ஆயிற்று.

காகிதம் வாபஸ் ஆயிற்று. அதை எழுதவைத்த எண்ணம் வாபஸ் ஆகவில்லை. இன்னும் பல மேடைகளில் "ஊர்க்காரர்கள் உதவ வேண்டும், பழைய மாணவர்கள் உதவ வேண்டும், கம்பெனிகள் உதவ வேண்டும்" என்ற பேச்சு கேட்கத்தான் செய்கிறது. உதவட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் உதவி என்பது உள்ளதற்கு மேல் வருவது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருப்பவன், உதவியைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கும்போதுதான் நாம் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

கணக்குப் பாருங்கள். 2022-23இல் கர்நாடகத்தில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 309 ரூபாய். இரண்டு பிள்ளை உள்ள வீட்டுக்கு அந்த நன்கொடை மாதம் 200 ரூபாய். பத்து மாதப் பள்ளி ஆண்டுக்கு 2,000 ரூபாய். ஆறரை நாள் வெயிலில் குனிந்து மண் வெட்டிய கூலி அது. "விருப்பமுள்ளவர் தரலாம்" என்பார்கள். ஊர்ப் பள்ளியில் வசூல் நோட்டு எடுத்து வந்து நிற்கும்போது விருப்பம் இல்லை என்று சொல்லும் துணிச்சல் வெளியூரிலிருந்து பிழைக்க வந்த எவளுக்கு இருக்கிறது? தராதவள் பிள்ளை என்று ஒரு பார்வை விழுந்தால் போதும், மறுநாள் அந்தப் பிள்ளை தம்பியைத் தூக்கிக்கொண்டு காட்டு வேலைக்கு வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. நன்கொடையால் ஓடும் பள்ளிக்கூடம் நன்கொடை தருபவர் இருக்கும் ஊரில்தான் நன்றாக ஓடும். கடைவீதிப் பள்ளிக்கு மின்விசிறி வரும். கல்குவாரி ஓரத்துப் பள்ளிக்கு ஒழுகும் ஓடுதான் மிஞ்சும். யாருக்கு அதிகம் தேவையோ அவனுக்குக் குறைவாகவும், யாரிடம் இருக்கிறதோ அவனுக்கே மேலும் கிடைக்கவும் இப்படி ஒரு வழி செய்துவிட்டு, அதற்கு மக்கள் பங்களிப்பு என்று பெயரும் வைத்துவிடலாம்.

சர்க்கார் தருவது எவ்வளவு?

ஆசிரியர் சம்பளம், மதிய உணவு, பாடநூல், சீருடை எல்லாம் தனிக் கணக்கு. மறைக்காமல் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் பள்ளிக்கூடம் என்ற கட்டடத்தை அன்றாடம் நடத்துவதற்கு, சாக்பீஸுக்கும் துடைப்பத்துக்கும் கரண்டு பில்லுக்கும் உடைந்த தாழ்ப்பாளுக்கும், சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளி மானியம் என்று ஒரு தொகை இருக்கிறது. மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் போடும் திட்டம் இது. 2018இல் இத்திட்டம் தொடங்கியபோது வைத்த அளவுப்படி 100 பிள்ளைகள் வரை உள்ள ஒரு சிறு பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். 100க்கு மேல் 250 வரை என்றால் 50,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு துப்புரவுக்குப் போக வேண்டும்.

60 பிள்ளைகள் படிக்கும் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 416 ரூபாய்; மாதத்துக்கு 35 ரூபாய்கூடத் தேறாது. இரண்டு டீயும் ஒரு வடையும் ஆகும் காசு. இதை வைத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் கக்கூஸ் கதவைப் பூட்டி வைக்காமல் என்ன செய்வார்? தண்ணீர் இல்லாத கக்கூஸ் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? வயதுக்கு வந்த பெண் பிள்ளை ஏழாம் வகுப்போடு ஏன் நின்றாள் என்று ஆராய்ச்சி செய்ய வேண்டியதே இல்லை. அந்தக் கதவைப் போய்ப் பார்த்தால் போதும்.

பணமே இல்லை என்கிறார்களா? 1966இல் கோத்தாரி கமிஷன், தேசிய வருமானத்தில் 6 சதவிகிதத்தைக் கல்விக்குச் செலவிட வேண்டும், இருபது ஆண்டுகளில் அந்த அளவை எட்ட வேண்டும் என்று சொல்லிற்று. 1968ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை ஆமாம் போட்டது. 1986ஆம் ஆண்டுக் கொள்கையும் ஆமாம் போட்டது. 2020ஆம் ஆண்டுக் கொள்கையும் அதே 6 சதவிகிதத்தைத் திரும்பவும் எழுதிவிட்டு, 2017-18இல் செலவு 4.43 சதவிகிதம்தான் என்று தானே ஒப்புக்கொண்டது. மூன்று கொள்கை, அரை நூற்றாண்டு, ஒரே வாக்குறுதி! இடையிலே 2004 முதல் வரியின் மேல் கல்விக்கென்று 2 சதவிகிதம் கூடுதல் வரி. 2007இல் மேலும் 1 சதவிகிதம். 2018 முதல் சுகாதாரத்தையும் சேர்த்து 4 சதவிகிதம். வருமான வரி கட்டும் என்னைப் போன்ற சம்பளக்காரன் ஒவ்வொருவனும் இதையும் சேர்த்துத்தான் கட்டுகிறான். வசூல் சரியாக நடக்கிறது. கொடுக்கிற இடத்தில்தான் பஞ்சம்.

கொடுப்பதையும் கயிறு கட்டிக் கொடுக்கிறார்கள். பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதால் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. 2025இல் அது சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. கொள்கையில் இரண்டு அரசுகள் மோதிக்கொள்ளலாம். அதற்காகச் சின்னப் பிள்ளையின் கரும்பலகையைப் பிணையாகப் பிடித்து வைப்பது என்ன நியாயம்?

"பிள்ளைகளே இல்லையே, எதற்குப் பணம்?"

இதுதான் இப்போது அடிக்கடி கேட்கும் வாதம். சர்க்கார் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், ஆகவே சின்னப் பள்ளிகளைப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்கிறார்கள்.

ஒரு வண்டியை நிறுத்துவதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. பஸ்ஸானாலும் சரி, ரயிலானாலும் சரி. முதலில் நேரத்தை மாற்ற வேண்டும். பிறகு பெட்டியைக் குறைக்க வேண்டும். விளக்கு எரியாது, தண்ணீர் வராது, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஜனங்கள் தாமாகவே வேறு வண்டிக்குப் போய்விடுவார்கள். அப்புறம் "வருமானம் இல்லை, கூட்டம் இல்லை" என்று பைலில் எழுதி நிறுத்திவிடலாம். பைலைப் படிக்கிறவனுக்குக் காரணம் நியாயமாகவே தோன்றும். பள்ளிக்கூடத்துக்கும் இதுவே நடக்கிறது. ஐந்து வகுப்புக்கு ஒரு வாத்தியார்; அவரும் மீட்டிங் போனால் பள்ளி மூடல். 2024-25ஆம் ஆண்டு அரசாங்கக் கணக்கிலேயே நாட்டில் ஓராசிரியர் பள்ளிகள் ஒரு லட்சத்துக்கு மேல். இப்படி வைத்துவிட்டு "ஏன் பிள்ளைகள் வரவில்லை?" என்று கேட்பது, உலையில் அரிசி போடாமல் "ஏன் சோறு வேகவில்லை?" என்று கேட்பது போலத்தான்.

பணம் போட்டால் பிள்ளைகள் வருவார்களா? முத்தங்கா செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம். அங்கே 2016இல் பொதுக் கல்வியைக் காக்கும் இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கிச் சர்க்கார் பள்ளிகளில் கட்டடம், வகுப்பறை, கருவிகள் என்று பணத்தைப் போட்டார்கள். வருடா வருடம் குறைந்துகொண்டே வந்த சேர்க்கை 2017-18 முதல் சில ஆண்டுகள் தொடர்ந்து ஏறியது. எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் 'ரோஷ்ணி' என்ற திட்டம் வந்தது. வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அவர்கள் தாய்மொழி தெரிந்தவர்களை வைத்துச் சொல்லிக்கொடுத்து, காலை உணவும் கொடுத்து வகுப்பில் தக்கவைத்தார்கள். பிழைக்க வந்தவன் பிள்ளைக்கும் வழி செய்ய முடியும் என்பதற்குப் பக்கத்து மாநிலமே சாட்சி.

பள்ளி இணைப்புக்கு வருவோம். 2025இல் 'மேக்னெட் பள்ளி' என்ற பெயரில் சுற்றுவட்டாரச் சிறு பள்ளிகளைக் கர்நாடக பப்ளிக் ஸ்கூல்களோடு சேர்க்கும் யோசனைக்கு மாணவர் அமைப்புகளும் பெற்றோரும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மூடவில்லை, இணைக்கிறோம் என்றது சர்க்கார் தரப்பு. பெரிய பள்ளிக்கு நாம் எதிரி அல்ல. நல்ல ஆய்வுக்கூடமும் விளையாட்டு மைதானமும் நம் பிள்ளைக்கும் வேண்டும். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை அங்கே எப்படிப் போகும்? ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி என்பது மத்திய விதி. நம் தாலுகாவோ பண்டிப்பூர் காட்டை ஒட்டியது. யானை நடமாட்டத்துக்காக 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை லாரியையும் காரையும் காட்டுச் சாலையில் நிறுத்தி வைக்கிறார்கள். யானைக்குப் பயந்து இரும்பு லாரியே நிற்கும் சீமையில், புத்தகப் பை சுமந்த பிள்ளையைக் காட்டோரம் நடந்து போ என்பதா? ரயில் எட்டாத ஊர் இது. தண்டவாளம் நஞ்சன்கூடு, சாமராஜநகர் பக்கமே நின்றுவிட்டது. ரயில் இல்லாவிட்டால் பஸ் ஏறலாம். பக்கத்துப் பள்ளி போய்விட்டால் பிள்ளை எதில் ஏறும்?

சட்டம் நம் பக்கம்

நம்மவர்களுக்கு ஒரு பயம். "நாம் வேறு மாநிலம். நமக்கு இங்கே ஓட்டுக்கூட இல்லை. கேட்டால் என்ன சொல்வார்களோ!" ஓட்டு இல்லாதவன் பிள்ளைக்குப் பெஞ்சும் இல்லை என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. நேர் மாறாகத்தான் எழுதியிருக்கிறது.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் அது பொருந்தும். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்று அதன் 9ஆம் பிரிவில் தனியாகவே இருக்கிறது. டி.சி. வரத் தாமதம் என்று சேர்க்க மறுக்கக்கூடாது. இது 5ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. இது 14ஆம் பிரிவு. சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்று கதவைச் சாத்தக்கூடாது. இது 15ஆம் பிரிவு. இந்தப் பிரிவு நமக்கென்றே எழுதியது போல இருக்கிறது. மஞ்சள் அறுவடைக்கு நாம் ஜனவரியில் வந்து இறங்கும்போது பள்ளி ஆண்டில் பாதிக்கு மேல் போய்விடுகிறதே!

பள்ளிக்குப் பணமும் ஆளும் தர வேண்டியதும் அதே சட்டம்தான். பிள்ளையின் படிப்பைத் தடுக்கக்கூடிய எந்தக் கட்டணமும் வாங்கக்கூடாது என்பது 3ஆம் பிரிவு. செலவு மத்திய, மாநில அரசுகளின் கூட்டுப் பொறுப்பு என்பது 7ஆம் பிரிவு. 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூவர், 120 வரை நால்வர். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனிக் கழிப்பறை. எல்லாப் பிள்ளைக்கும் நல்ல குடிநீர். இவை சட்டத்தின் அட்டவணையில் உள்ளவை. ஆசிரியர் காலியிடம் நூற்றுக்குப் பத்தைத் தாண்டக்கூடாது என்பது 26ஆம் பிரிவு. இத்தனையும் எழுதி வைத்துவிட்டு மாதம் நூறு ரூபாய் கொடு என்று நம்மிடம் கேட்டால், யார் யாருக்குக் கடன் பட்டவர்?

நம்மவர்களிலேயே சிலருக்கு

"எதற்கு இந்த ரகளை? வட்டிக்கு வாங்கியாவது இங்கிலீஷ் கான்வென்ட்டில் போட்டுவிடலாம்" என்கிறார்கள் சில இளம் பெற்றோர். ஆசை தப்பில்லை. ஆனால் சீசன் முடிந்து ஊர் மாறும்போது அந்தக் கான்வென்ட் கூடவே வருமா? பாக்கிப் பணம் கட்டாமல் டி.சி. தருவார்களா? ஒரு குடும்பம் கடன் வாங்கி ஒதுங்கினால் சர்க்கார் பள்ளியில் இன்னும் ஒரு பிள்ளை குறைகிறது. அடுத்த வருடம் இன்னும் ஒரு ஆசிரியர் குறைகிறார். மிச்சமுள்ளவன் பிள்ளைதான் நசுங்குகிறது. அந்த மிச்சமுள்ளவன் பெரும்பாலும் நாமேதான்.

"கன்னடப் பள்ளிக்கு எதற்கு நாம் வாதாட வேண்டும்? தமிழ்ப் பள்ளி கேட்போம்" என்கிறார்கள் இன்னும் சிலர். தாய்மொழியில் தொடக்கக் கல்வி என்பது 1956இல் அரசியல் சட்டத்தில் சேர்த்த 350-ஏ பிரிவு. வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளியில் 40 பேர் இருந்தால் சிறுபான்மை மொழியில் கற்பிக்க வேண்டும் என்பது 1949இல் மாகாணக் கல்வி மந்திரிகள் மாநாடு எடுத்த முடிவு. அதைக் கேட்போம், விடமாட்டோம். ஆனால் தமிழ் ஆசிரியர் எங்கே வந்து உட்கார்வார்? ஒழுகாத கூரையும் உடையாத நாற்காலியும் உள்ள சர்க்கார் பள்ளியில்தானே! பள்ளியே போய்விட்டால் தமிழ் வகுப்பு ஏது? கன்னடம் படிப்பதால் தமிழுக்குத் துரோகமும் இல்லை. கூலிக் கணக்குச் சீட்டையும் கோர்ட் சம்மனையும் படிக்கத் தெரியாதவனைத்தான் மேஸ்திரி முதலில் ஏமாற்றுவான்.

அந்தப் பள்ளியில் நம் பிள்ளை பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். கன்னட தலித் கூலிக்காரர் பிள்ளை, சோலிகர் பிள்ளை, ஜேனு குருபர் பிள்ளை. வசதியுள்ளவன் பிள்ளை எப்போதோ போய்விட்டது. 1991 டிசம்பரில் காவிரியின் பேரால் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழ்க் கூலிக்காரர்கள் குடும்பத்தோடு ஓட நேர்ந்ததை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. மூட்டுகிறவனுக்கு மொழி வேண்டும். ஒழுகும் கூரைக்கு மொழி கிடையாது. அது எல்லார் தலையிலும்தான் சொட்டுகிறது. அந்தக் கூரைக்காகக் கன்னடத் தாயும் தமிழ்த் தாயும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடட்டும். அதைவிடப் பெரிய காப்பு நமக்கு வேறில்லை.

வேறு சிலர் காமராசரைக் காட்டுவார்கள். 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி ஊராரிடம் மேசையும் மணியும் கட்டடமும் அவர் ஆட்சியில் வாங்கவில்லையா என்பார்கள். வாங்கினார்கள். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் அந்த ஆட்சி ஊர் ஊராகப் பள்ளி திறந்தது, வாத்தியார் போட்டது, 1956இல் மதிய உணவைத் தொடங்கியது. சர்க்கார் தன் கையை நீட்டிக் கொடுத்தது. ஊராரும் கை கோர்த்தார்கள். இப்போது கேட்பது அதுவா? தன் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நம் பைக்குள் கை விடுவது வேறு சங்கதி.

இலங்கையின் பாடம்

நம்மில் சில குடும்பங்கள் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி, நீலகிரித் தோட்டங்களில் பிழைத்து, கூடலூர் இறங்கி இங்கே வந்தவர்கள். அவர்களைக் கேளுங்கள். 1945இல் அந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்கள் மட்டும் பெரும்பாலும் துரைமார் நிர்வாகத்திலேயே விடப்பட்டன. 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. அதைத் தொடர்ந்து ஓட்டும் பறிபோயிற்று. லயத்துப் பிள்ளைக்கு ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. பிறகு கொழுந்துக் கூடை. 1970களில் அரசு அந்தப் பள்ளிகளைத் தன் கையில் எடுக்கத் தொடங்கி, பணமும் ஆசிரியர் நியமனமும் வந்த பிறகுதான் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைகளிலிருந்தே ஆசிரியர்கள் பெருமளவில் எழுந்தார்கள். முதலாளியின் தயவில் கிடைத்த பள்ளி அவர்களைக் கூடையைத் தாண்ட விடவில்லை. பொதுப் பணத்தில், உரிமையாகக் கிடைத்த பள்ளிதான் தாண்ட வைத்தது.

எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன் நான். அந்தப் படிப்பும் சர்க்கார் பள்ளிக்கூடம் போட்டதுதான். என் தந்தை ஒரு பைசா நன்கொடை கொடுத்திருக்க முடியாது. அன்று நூறு ரூபாய் நோட்டு வாசலில் நின்றிருந்தால் இன்று நான் குமாஸ்தா மேசையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

செய்ய வேண்டியவை

ஒன்று: எஸ்.டி.எம்.சி.யில் உட்காருங்கள். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கன்னடம் தடுமாறுகிறதே என்று தயங்க வேண்டாம். பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு: பள்ளி வளர்ச்சித் திட்டத்தைக் கேளுங்கள். 22ஆம் பிரிவின்படி குழுதான் அதைத் தயாரிக்க வேண்டும். எத்தனை ஆசிரியர் குறைவு, எத்தனை வகுப்பறை குறைவு, கழிப்பறைக்குத் தண்ணீர் உண்டா, மானியம் எப்போது வந்தது, எதற்குச் செலவாயிற்று என்று எழுதி வாங்கி, பி.இ.ஓ. ஆபீஸிலும் கிராம பஞ்சாயத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். முத்திரை இல்லாத மனு காற்றிலே எழுதிய மனு.

மூன்று: யாராவது வசூல் நோட்டு நீட்டினால் சண்டை வேண்டாம். "எந்த ஆணைப்படி கேட்கிறீர்கள்? எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். வாத்தியார் மேல் பாய வேண்டாம். பல பள்ளிகளில் தம் கைக்காசில் சாக்பீஸ் வாங்குகிறவர் அவர்தான். நம் மனுவில் அவர் குறையையும் சேர்ப்போம்.

நான்கு: சீசன் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பருவகால விடுதி, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி, எண்ணிக்கை உள்ள இடத்தில் தமிழ் ஆசிரியர். இம்மூன்றையும் ஒரே கோரிக்கையாக வைப்போம். திருப்பூரிலே படிக்க வந்திருக்கும் பீகார்த் தொழிலாளி பிள்ளைக்கும் தமிழ்நாடு இதையே செய்ய வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்வோம். இங்கே நமக்குக் கேட்பதை அங்கே அவனுக்கு மறுத்தால் நம் வாயில் நியாயம் நிற்காது.

அடுத்த அறுவடைக் கூட்டம் வந்து இறங்குவதற்குள் ஒவ்வொரு குடிசை வரிசையிலும் ஒருவர் ஒரு நோட்டுப் போடுங்கள். பிள்ளையின் பெயர், வயது, எந்த ஊர், எந்த வகுப்பு வரை படித்தது, இப்போது எங்கே இருக்கிறது. அதைச் சங்கத்தில் கொண்டுவந்து கொடுங்கள். சேர்க்கைக்கு நாங்கள் கூட வருகிறோம். காசு கொண்டுவர வேண்டாம். கணக்குக் கொண்டு வாருங்கள். கேட்பது கொடை அல்ல, பாக்கி!